புரோட்டான் விமர்சனம்: லினக்ஸில் விண்டோஸ் கேம் ஓடுமா என்பது யார் கையில் இருக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தனியாக ஆடும் கேம்களுக்கு, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் தாராளமாகப் போதும். வால்வ் நிறுவனத்தின் கேம் கடையான ஸ்டீமில் வாங்கிய விண்டோஸ் கேமை இறக்கி, பிளே பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஓடிவிடும். அடியில் லினக்ஸ் இருப்பதே தெரியாது. பலரோடு இணையத்தில் மோதும் போட்டி கேம்களில் கதை வேறு. அங்கே புரோட்டானின் திறமையோ உங்கள் கணினியின் வலுவோ கணக்கில் வராது. கேமை நடத்தும் நிறுவனம் லினக்ஸை உள்ளே விடுகிறதா, இல்லையா என்பது ஒன்றுதான் கணக்கு. ஆகவே விண்டோஸை அழிப்பதற்கு முன்னால், தினமும் ஆடும் கேம்களின் பட்டியலை எழுதி, அதில் ஆன்டி சீட், அதாவது ஏமாற்றுத் தடுப்பு நிரல் உள்ளவற்றை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். அந்தச் சிறு பட்டியல்தான் தீர்ப்பு சொல்லும்.

புரோட்டான் என்பது வால்வ் நிறுவனம் கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2018 ஆகஸ்டில் வெளியிட்ட இலவச, திறமூல மென்பொருள். அதன் மையத்தில் இருப்பது 1993 முதல் வளர்ந்துவரும் வைன். கேம் விண்டோஸிடம் ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்தச் சாளரத்தைக் காட்டு’ என்று கேட்பதையெல்லாம் வைன் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. கேமின் நிரல் நேரடியாக உங்கள் பிராசஸரில்தான் ஓடுகிறது. நடுவில் போலிக் கணினி எதுவும் இல்லை. வேகம் பெரிதாகக் குறையாததற்கு இதுதான் காரணம்.

கிராபிக்ஸ் வேலையை வைனோடு சேர்த்துத் தரப்படும் இரண்டு நூலகங்கள் பார்த்துக்கொள்கின்றன. விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸின் 8 முதல் 11 வரை உள்ள அழைப்புகளை டிஎக்ஸ்விகே, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்துக்கு மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 12 என்றால் விகேடி3டி-புரோட்டான். இவ்வளவும் ஸ்டீம் லினக்ஸ் ரன்டைம் என்ற தனிக் கன்டெய்னருக்குள் ஓடுவதால், எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), உபுண்டுவா, ஃபெடோராவா, ஆர்ச்சா என்ற வாதத்துக்கு முன்புபோல் பொருள் இல்லை. கன்டெய்னருக்கு வெளியே உங்கள் கணினி தரவேண்டியவை இயங்குதளத்தின் மையமான கெர்னலும் கிராபிக்ஸ் டிரைவரும் மட்டுமே. கோளாறு வந்தால் முதலில் அந்த இரண்டையும் சந்தேகியுங்கள்.

நிறுவுவது

ஸ்டீமை உங்கள் டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தோ, உபுண்டு, டெபியன் என்றால் வால்வ் தரும் டெப் கோப்பிலிருந்தோ நிறுவுங்கள். உபுண்டுவின் ஸ்னாப் தொகுப்பு வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது. டிரைவர் கிடைக்காமல் போவது, வேறு டிஸ்க் தெரியாமல் போவது என்று அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. எல்லா டிஸ்ட்ரோவுக்கும் பொதுவான ஃபிளாட்பேக் தொகுப்பு பரவாயில்லை. ஆனால் கேம்களை இன்னொரு டிஸ்கில் வைத்திருந்தால் அந்தக் கோப்புறைக்கு ஃபிளாட்சீல் என்ற செயலி வழியாக அனுமதி தரவேண்டும். தராவிட்டால் ‘புதிய லைப்ரரி’ சேர்க்கும் இடத்தில் அந்த டிஸ்க் கண்ணிலேயே படாது.

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது 32 பிட் டிரைவரில். பழைய கேம்கள் பலவும் 32 பிட் நிரல்கள். 64 பிட் வல்கன் டிரைவர் மட்டும் இருந்தால் புதிய கேம்கள் ஓடும். பத்து வருடப் பழைய கேம் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். ‘புதுசு ஓடுது, பழசு ஓடமாட்டேங்குது’ என்ற புகாருக்குப் பின்னால் அனேகமாக இதுதான் இருக்கும். ஆர்ச்சில் மல்டிலிப் களஞ்சியத்தைத் திறந்துவிட்டு, லிப்32 என்று தொடங்கும் வல்கன் டிரைவரை நிறுவவேண்டும். உபுண்டு, டெபியனில் ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பைச் சேர்க்கவேண்டும். ஃபெடோராவில் என்விடியா கார்டு என்றால் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியம் தேவைப்படும்.

அடுத்து ஸ்டீமின் அமைப்புகளில் ‘கம்பாடிபிலிட்டி’ பக்கம். ‘மற்ற எல்லா கேம்களுக்கும் ஸ்டீம் பிளே’ என்ற தேர்வு அங்கே இருந்தால் அதை இயக்குங்கள். புதிய ஸ்டீம் பதிப்புகளில் அந்தத் தேர்வு இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அது ஏற்கெனவே இயங்குகிறது என்று பொருள். ஒரு குறிப்பிட்ட கேமுக்கு மட்டும் வேறு புரோட்டான் வேண்டுமென்றால், அந்த கேமை வலது கிளிக் செய்து, பிராபர்டீஸில் உள்ள கம்பாடிபிலிட்டி பகுதியில் தேர்ந்தெடுக்கலாம்.

எந்தப் பதிப்பு? எண் போட்ட நிலையான பதிப்பிலேயே விட்டுவிடுங்கள். வால்வ் சோதித்துப் பார்த்த கேம்களுக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்பதை ஸ்டீமே அறிந்து தேர்ந்தெடுக்கும். ஓடவில்லையென்றால் ‘எக்ஸ்பெரிமென்டல்’. புதிதாக வந்த கேம்களுக்கான திருத்தங்கள் முதலில் அங்கேதான் சேரும். அதிலும் ஓடவில்லையென்றால் ஜிஇ-புரோட்டான். இது வால்வுக்கு வெளியே தொகுக்கப்படுவது. வால்வ் சேர்க்காத, வீடியோவைத் திறந்து காட்டும் கோடெக்குகளும், தனித்தனி கேம்களுக்கான ஒட்டுத் திருத்தங்களும் இதில் இருக்கும். புரோட்டான்அப்-க்யூடி என்ற செயலி ஜிஇ பதிப்புகளை இறக்கி, ஸ்டீமின் ‘கம்பாடிபிலிட்டிடூல்ஸ்.டி’ கோப்புறையில் தானே வைத்துவிடும். ஸ்டீமை முழுமையாக மூடித் திறந்தால்தான் பட்டியலில் தெரியும். எல்லா கேமுக்கும் முதலிலிருந்தே ஜிஇ போட்டு ஓட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது வீண் வேலை. கோளாறு வந்தால் அது கேமில் வந்ததா, ஒட்டுத் திருத்தத்தில் வந்ததா என்று கண்டுபிடிப்பதுதான் கடினமாகும்.

லினக்ஸுக்கென்றே வெளியான கேம்களிலும் புரோட்டான் பயன்படும். பத்து வருடத்துக்கு முன் யாரோ மாற்றிக்கொடுத்து, பிறகு கவனிக்காமல் விட்ட லினக்ஸ் பதிப்புகள் ஸ்டீமில் நிறைய. விண்டோஸ் பதிப்புக்கு வந்த திருத்தங்கள் அவற்றுக்கு வந்திருக்காது. அந்த கேமுக்குப் புரோட்டானைக் கட்டாயப்படுத்தினால் ஸ்டீம் விண்டோஸ் கோப்புகளை இறக்கும். அனேகமாக அது இன்னும் நன்றாக ஓடும். ஆனால் இரண்டு பதிப்புகளும் சேவ் கோப்புகளை வெவ்வேறு இடத்தில் வைப்பதால், பாதியில் மாறினால் பழைய சேவ் காணாமல்போனது போலத் தோன்றும். கேமைத் தொடங்கும்போதே எந்தப் பதிப்பு என்று முடிவு செய்துவிடுங்கள்.

எந்த கிராபிக்ஸ் கார்டு

டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம்; அதனால் புரோட்டான் 8 முதல் அது தேவைப்படுகிறது. என்விடியாவின் கெப்ளர் கார்டுகள், அதாவது 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவை, 470 டிரைவரோடு நின்றுவிட்டன. அந்த டிரைவரில் வல்கன் 1.3 இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் புரோட்டான் 7 அல்லது அதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இன்டெல் உள்ளமைக் கிராபிக்ஸில் ஸ்கைலேக், அதாவது ஆறாம் தலைமுறை முதல் கவலையில்லை. ஏஎம்டியின் எச்டி 7000, ஆர்9 200 காலத்துக் கார்டுகளில் ஒரு வினோதம்: பல டிஸ்ட்ரோக்களில் அவை ‘ரேடியான்’ என்ற பழைய கெர்னல் டிரைவரோடு தொடங்கும், அதில் வல்கனே கிடையாது. பூட் விருப்பத்தில் ‘ஏஎம்டிஜிபியு’வுக்கு மாற்றினால் அதே கார்டு வல்கன் பேசத் தொடங்கும். கார்டே ஆகாது என்று தூக்கிப்போடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஏஎம்டி என்பதே என் பரிந்துரை. டிரைவர் கெர்னலிலும், மெசா என்ற திறமூல கிராபிக்ஸ் தொகுப்பிலும் அடக்கம். தனியாக நிறுவ ஒன்றுமில்லை. மெசாவின் ஆர்ஏடிவி டிரைவரில் உள்ள ஏசிஓ என்ற ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) கம்பைலரை வால்வே எழுதுவித்தது. விண்டோஸோடு ஒப்பிட்டால் பல கேம்களில் ஃபிரேம் எண்ணிக்கை சமமாக நிற்கும், சிலவற்றில் சற்றுக் கூடும். ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் மட்டும் சில கேம்களில் பின்தங்கும்.

என்விடியாவும் ஓடும். டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் வித்தியாசம் சிறிது. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில்தான் விண்டோஸைவிடக் கண்ணுக்குத் தெரியும் சரிவு இருக்கிறது. சில கேம்களில் அது பத்து, இருபது சதவீதத்தைத் தொடும். சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வேலை செய்கிறது. லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலாண்டில் திரை மின்னுவது, பழைய ஃபிரேம் திரும்பித் தெரிவது போன்றவை 555 டிரைவரில் எக்ஸ்பிளிசிட் சிங்க் என்ற ஒத்திசைவு முறை வந்தபிறகு பெரும்பாலும் தீர்ந்தன. அதற்கு முந்தைய டிரைவரில் இருந்தால் முதலில் புதுப்பியுங்கள். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு என்விடியா மாட்யூல் சேர்ந்து கட்டப்படுமுன் மறுதொடக்கம் செய்தால், டிரைவர் இல்லாமல் கணினி எழும். கேம் ஒன்றுகூடத் திறக்காது. அது புரோட்டானின் குற்றமில்லை.

முதல் சில நிமிடத் திக்கல்

கேம் ஒரு புதிய காட்சிக்குள் நுழையும்போது அதற்குரிய ஷேடர்களை உங்கள் கார்டின் மொழிக்குக் கம்பைல் செய்யவேண்டும். அந்தக் கணத்தில் படம் திக்கும். வால்வ் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, மற்றவர்களின் கணினிகளில் ஏற்கெனவே திரண்ட ஷேடர் தகவலை முன்கூட்டியே இறக்கிக் கம்பைல் செய்வது. பிளே அழுத்தியதும் ‘வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன’ என்று சதவீதம் ஓடுவது இதுதான். இன்னொன்று, வல்கனில் வந்த கிராபிக்ஸ் பைப்லைன் லைப்ரரி என்ற விரிவாக்கம். இதை டிஎக்ஸ்விகே 2.0 பயன்படுத்தத் தொடங்கியபின், ஷேடர்களைக் கேம் ஏற்றும்போதே கம்பைல் செய்துவிட முடிகிறது. ஆடும்போது திக்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதை வைத்து, ‘முன்கூட்டிய ஷேடர் இறக்கத்தை அணைத்துவிடுங்கள், டிஸ்க் மிச்சம்’ என்று பலர் ஆலோசனை சொல்கிறார்கள். பாதிதான் சரி. அந்த வசதியோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: கேமுக்குள் இருக்கும் வீடியோக்கள். விண்டோஸின் மீடியா ஃபவுண்டேஷன் கோடெக்குகளை உரிமச் சிக்கலால் வால்வ் புரோட்டானில் வைக்க முடியாது. எனவே அந்த வீடியோக்களைத் தன் சர்வரில் வேறு வடிவத்துக்கு மாற்றி, ஷேடர் தொகுப்போடு அனுப்புகிறது. அணைத்துவிட்டால் அது வராது. கேமின் தொடக்கக் காட்சிக்குப் பதிலாக டிவி சோதனைக்குப் போடும் வண்ணப் பட்டைகள் தெரிந்தால், காரணம் அனேகமாக இதுவே. ஷேடர் இறக்கத்தை மறுபடி இயக்குங்கள், அல்லது அந்த கேமுக்கு மட்டும் ஜிஇ-புரோட்டான் போடுங்கள். டிஸ்க் மிகக் குறைவாக உள்ளவர்கள் மட்டும் அணைப்பதை யோசிக்கலாம். ஷேடர்கேஷ் கோப்புறை சில கேம்களுக்கு ஜிபி கணக்கில் வளரும்.

பிராசஸரை அதிகம் வாட்டும் கேம்களில் இன்னொரு தடை இருந்தது. விண்டோஸ் கேமில் ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்கள் (ஒரே நிரலின் தனித்தனிப் பணிகள்) ஒன்றுக்கொன்று காத்திருப்பது வழக்கம். ‘இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று முடிந்தால் எழுப்பு’ என்று கேட்கும் வசதி விண்டோஸ் கெர்னலில் உண்டு. வைனில் அந்த ஒவ்வொரு காத்திருப்பும் வைன்சர்வர் என்ற தனி நிரலிடம் போய்க் கேட்டுத் திரும்பவேண்டியிருந்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் இப்படிப் போய்வந்தால் வேகம் எங்கே போகும்? முதலில் ஈசிங்க், பிறகு எஃப்சிங்க் என்று மாற்று வழிகள் வந்தன. எஃப்சிங்குக்குத் தேவையான ஃபியூடெக்ஸ் அழைப்பு லினக்ஸ் 5.16 கெர்னலில் சேர்ந்தது. இவை இரண்டும் விண்டோஸின் நடத்தையைக் கிட்டத்தட்டப் போலி செய்பவைதான். அபூர்வமாகச் சில கேம்கள் உறைந்துபோவதுண்டு. 6.14 கெர்னலில் என்டிசிங்க் என்ற டிரைவரே சேர்ந்துவிட்டது. விண்டோஸ் செய்வதை அது கெர்னலுக்குள்ளேயே சரியாகச் செய்கிறது. ஏற்கெனவே எஃப்சிங்கில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஃபிரேம் எண்ணிக்கை பெரிதாக எகிறிவிடாது. துல்லியம்தான் லாபம்.

என்டிஎஃப்எஸ் டிஸ்கில் இருந்து ஓட்டாதீர்கள்

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில், ஏற்கெனவே இறக்கிய கேம்களை என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் உள்ள விண்டோஸ் பார்ட்டிஷனிலிருந்தே ஓட்டலாமே என்று தோன்றும். நூறு ஜிபியை மறுபடி இறக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் பிளே அழுத்தினால் பொத்தான் ஒரு நொடி ‘ஸ்டாப்’ ஆகி, மறுபடி ‘பிளே’ ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. புதியவர்களை லினக்ஸை விட்டே ஓடவைப்பதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு.

காரணம் இது. ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் ஒரு தனி விண்டோஸ் கோப்புறை அமைப்பை உருவாக்குகிறது. ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் ‘கம்பாட்டேட்டா’, அதற்குள் கேமுக்கு ஸ்டீம் தரும் ஆப் ஐடி எண்ணில் ஒரு கோப்புறை, அதற்குள் ‘பிஎஃப்எக்ஸ்’. சி டிரைவைக் குறிக்கும் சுட்டிக் கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி வரும். விண்டோஸின் கோப்புப் பெயரில் அந்தக் குறி செல்லாது. டிரைவர் அதைத் தடுத்தால் கேம் திறக்காது. தடுக்காமல் எழுதிவிட்டால், பிறகு விண்டோஸ் டிஸ்கைச் சோதிக்கும்போது அதைச் சேதம் என்று பார்க்கும். போதாததற்கு, விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கினால் அது முழுமையாக அணைவதில்லை. அந்தப் பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும். எக்ஸ்ஃபேட் டிஸ்க் அறவே உதவாது. சுட்டிக் கோப்புகளே அதில் வைக்க முடியாது.

சரியான வழி: கேம்களை லினக்ஸின் கோப்பு அமைப்புகளான இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் உள்ள பார்ட்டிஷனில் வையுங்கள். மறுபடி இறக்கத் தேவையில்லை. ஸ்டீமை மூடி, கேமின் கோப்புறையை, லினக்ஸ் பார்ட்டிஷனில் உள்ள ஸ்டீம் லைப்ரரியின் ‘காமன்’ கோப்புறைக்குள் நகலெடுங்கள். பிறகு ஸ்டீமில் அந்த கேமை அதே லைப்ரரியில் ‘இன்ஸ்டால்’ கொடுத்தால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து விடுபட்டதை மட்டும் இறக்கும். வேறு வழியே இல்லை, என்டிஎஃப்எஸ்ஸில்தான் வைக்கவேண்டும் என்றால், கம்பாட்டேட்டா கோப்புறையை மட்டும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு மாற்றி, பழைய இடத்தில் அதற்கு ஒரு சுட்டி வைக்கவேண்டும். ஓடும். ஆனாலும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆன்டி சீட் என்னும் சுவர்

2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு ஆன்டி சீட் நிரல்களும் புரோட்டானில் ஓடும் வசதியை அறிவித்தன. அதன்பின் ‘எல்லாம் தீர்ந்தது’ என்று கொண்டாடியவர்கள் ஒரு வரியைக் கவனிக்கவில்லை: அதை இயக்குவது அந்தந்த கேம் நிறுவனத்தின் விருப்பம். எல்டன் ரிங் இயக்கியது; ஈஸி ஆன்டி சீட் இருந்தும் லினக்ஸில் இணைய ஆட்டம் வரை ஓடுகிறது. ஈஸி ஆன்டி சீட்டுக்கே உரிமையாளரான எபிக், தன் ஃபோர்ட்நைட்டுக்கு இயக்கவில்லை. தன் கடைச் சரக்கைத் தானே வாங்காத கடைக்காரர்!

தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. விண்டோஸில் இந்தப் பாதுகாப்பு நிரல்கள் கெர்னலுக்குள் டிரைவராக உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்காணிக்கும். வைனுக்கு அடியில் விண்டோஸ் கெர்னல் இல்லை. அந்த டிரைவர் ஏற இடமில்லை. லினக்ஸில் அது சாதாரண நிரலின் அதிகாரத்தோடு மட்டுமே ஓட முடியும், கெர்னலையே மாற்றிக் கட்டக்கூடிய பயனருக்கு எதிரே. நிறுவனங்கள் தயங்குவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் விலை கொடுத்து வாங்கியவருக்கு அது ஆறுதல் இல்லை.

இன்று ஓடுவது நாளை நிற்கலாம் என்பதுதான் இதில் மோசமானது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பல ஆண்டுகள் வைனில் ஓடியது. 2024இல் வான்கார்ட் என்ற ஆன்டி சீட் வந்ததும் நின்றது. வேலொரண்ட் எப்போதுமே ஓடியதில்லை. ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்ந்தபின் இணைய ஆட்டம் போய்விட்டது. கதைப் பகுதி மட்டும் ஓடுகிறது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸை ஏற்றுக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டி மூடிவிட்டது. டெஸ்டினி 2, ரெயின்போ சிக்ஸ் சீஜ், அண்மைய கால் ஆஃப் டியூட்டி கேம்கள், பேட்டில்ஃபீல்ட் 6 ஆகியவற்றுக்கும் கதவு மூடியே இருக்கிறது. கவுண்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 இரண்டும் வால்வின் சொந்த லினக்ஸ் பதிப்புகள். அவற்றுக்குப் புரோட்டானே வேண்டாம்.

அனுமதித்த கேமும் ‘ஆன்டி சீட் தொடங்கவில்லை’ என்று சொன்னால், ஸ்டீம் லைப்ரரியில் ‘டூல்ஸ்’ வடிகட்டியைப் போட்டு, புரோட்டான் ஈஸி ஆன்டி சீட் ரன்டைம், புரோட்டான் பேட்டில்ஐ ரன்டைம் இரண்டும் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அனுமதிக்காத கேமை ஏதாவது தந்திரம் செய்து ஓட்டலாம் என்று யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள். கணக்கு நிரந்தரமாகத் தடைபடக்கூடும்.

ஓடுமா என்று எங்கே பார்ப்பது

புரோட்டான்டிபி தளத்தில் பயனர்கள் எழுதிய அறிக்கைகள் இருக்கும். பிளாட்டினம், கோல்டு என்று தரமும் இருக்கும். தரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. இரண்டு வருடப் பழைய ‘ஓடவில்லை’ அறிக்கைகள் ஒரு நல்ல கேமின் தரத்தைக் கீழே இழுத்துவைத்திருக்கும். அண்மைய தேதியில், உங்களுடைய கார்டு வகையே வைத்திருப்பவர் எழுதியதை மட்டும் படியுங்கள். பத்து வரி லாஞ்ச் ஆப்ஷன் போட்டு ‘இதனால்தான் ஓடியது’ என்று எழுதியிருப்பவரின் வரிகளை அப்படியே நகலெடுக்கவேண்டாம். அதில் பாதி மூன்று பதிப்புகளுக்கு முன்னரே தேவையற்றுப்போனதாக இருக்கும்.

ஸ்டீமின் ‘டெக் வெரிஃபைடு’ முத்திரை வேறு அளவுகோல். அது 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவிக்கானது. எழுத்து சிறியதாக இருக்கிறது, மவுஸ் தேவைப்படுகிறது என்பதற்காகவும் பச்சை முத்திரை கிடைக்காமல் போகும். மேசைக் கணினியில் அதே கேம் குறையில்லாமல் ஓடும்.

ஓடாவிட்டால்

கேமின் பிராபர்டீஸில் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டி இருக்கிறது. அதில் எதை எழுதினாலும், கடைசியில் இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே ‘கமாண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வரவேண்டும். கேமின் இடத்தை அதுதான் குறிக்கிறது. ‘புரோட்டான் லாக்’ என்ற மாறியை, அடிக்கோடு சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதி, சமக்குறி போட்டு 1 என்று கொடுத்தால், ஹோம் கோப்புறையில் ஆப் ஐடி எண்ணோடு ஒரு லாக் கோப்பு உருவாகும். அதில் ‘ஃபிக்ஸ்மீ’ என்று தொடங்கும் ஆயிரம் வரிகளைப் பார்த்து மிரளவேண்டாம். நன்றாக ஓடும் கேமிலும் அவை இருக்கும். ‘எர்ர்’ என்று தொடங்குபவற்றைத் தேடுங்கள். ஒரு டிஎல்எல் (விண்டோஸ் நூலகக் கோப்பு) கிடைக்கவில்லை என்று வரி இருந்தால் விடை கையில் கிடைத்தது போல. புரோட்டான்ட்ரிக்ஸ் செயலியைத் திறந்து, அந்த கேமைத் தேர்ந்து, தேவையான விஷுவல் சி++ அல்லது டாட்நெட் தொகுப்பை நிறுவலாம்.

மோட், அதாவது கேமை மாற்றும் கூடுதல் கோப்பு போட்டபின் அது வேலையே செய்யவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பல மோட்கள் ‘டின்புட்8’ போன்ற பெயரில் ஒரு டிஎல்எல்லைக் கேம் கோப்புறையில் வைக்கும். வைன் தன்னுடைய டிஎல்எல்லையே முதலில் எடுத்துக்கொண்டு, மோடைக் கண்டுகொள்ளாது. ‘வைன் டிஎல்எல் ஓவர்ரைட்ஸ்’ மாறியில் அந்தப் பெயருக்கு ‘நேட்டிவ், பிறகு பில்ட்இன்’ என்று கொடுத்தால் சரியாகும்.

பெரிய கேம்கள் ஏற்றும்போதோ, சிறிது நேரம் ஆடியபின்னோ திடீரென மூடினால், கெர்னலின் ‘மேக்ஸ் மேப் கவுண்ட்’ அளவைப் பாருங்கள். லினக்ஸ் கெர்னலின் இயல்பு மதிப்பு 65530. ஹாக்வார்ட்ஸ் லெகசி, டேஇசட் போன்றவை நினைவகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து இந்த எல்லையைத் தாண்டிவிடும். ஃபெடோரா 39, உபுண்டு 24.04 முதல் இது 1048576 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. டெபியன் போன்ற நிதானமான டிஸ்ட்ரோவின் பழைய வெளியீட்டில் இருந்தால், சிஸ்கன்ட்ரோல் கோப்பில் அதே எண்ணை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

கேம்மோட், மேங்கோஹட், கேம்ஸ்கோப் என்று மூன்று பெயர்கள் எங்கும் அடிபடும். மேங்கோஹட் ஃபிரேம் எண்ணிக்கை, வெப்பம், நினைவகம் எல்லாவற்றையும் திரையில் காட்டும். கோளாறைப் புரிந்துகொள்ள இதைவிட நல்லது இல்லை. கேம்ஸ்கோப் திரையளவை மாற்ற அடம்பிடிக்கும் பழைய கேம்களுக்கும், மவுஸ் சாளரத்தைவிட்டு வெளியே ஓடும் கேம்களுக்கும் மருந்து. கேம் ஓடும்போது பிராசஸரை வேக நிலையில் வைக்கும் கேம்மோடிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசி ஆயுதம், கம்பாட்டேட்டாவில் அந்த கேமின் கோப்புறையை நீக்குவது. அடுத்த முறை புரோட்டான் புதிதாக உருவாக்கும். பாதி மர்மக் கோளாறுகள் இதில் தீரும். ஆனால் சேவ் கோப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன: சி டிரைவின் யூசர்ஸில் ‘ஸ்டீம்யூசர்’ கோப்புறைக்குள். கிளவுட் சேவ் இல்லாத கேம் என்றால் அதை முதலில் நகலெடுங்கள். நீக்குவதற்குப் பதிலாகப் பெயரை மாற்றி வைப்பது இன்னும் பாதுகாப்பு.

ஸ்டீமுக்கு வெளியே

எபிக், ஜிஓஜி கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும். அமைதியாக வேலை செய்கிறது. பழைய சிடி கேம்கள், தனி நிறுவிகள் என்றால் லூட்ரிஸ் அல்லது பாட்டில்ஸ். வேறு கடைகளின் நிறுவியை ஸ்டீமிலேயே ‘ஸ்டீமில் இல்லாத கேம்’ என்று சேர்த்தும் ஓட்டலாம். இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. நிறுவி முடிந்ததும், நிறுவப்பட்ட எக்ஸ்இ கோப்பை இன்னொரு புதிய கேமாகச் சேர்ப்பார்கள். அதற்குப் புரோட்டான் வேறொரு சி டிரைவை உருவாக்கும். அதில் எதுவும் இருக்காது. முதலில் சேர்த்த அதே பதிவின் ‘டார்கெட்’ பெட்டியில் மட்டும் முகவரியை மாற்றவேண்டும்.

ஸ்டீமில் வாங்கினாலும் தன் சொந்த லாஞ்சரைத் திறக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன: இஏ, யுபிசாஃப்ட், ராக்ஸ்டார். கேம் நன்றாக இருக்கும். லாஞ்சர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட மறுநாள் வெள்ளைச் சாளரம் தெரியும். புரோட்டான் எக்ஸ்பெரிமென்டலுக்கோ, அவசரத் திருத்தப் பதிப்பான ஹாட்ஃபிக்ஸுக்கோ மாறினால் சில நாட்களில் சரியாகும். ஒன்று மட்டும் கவனம்: டெனுவோ என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு உள்ள கேமில் புரோட்டான் பதிப்பை மாற்றி மாற்றிச் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு பதிப்பையும் அது புதிய கணினியாக எண்ணக்கூடும். எல்லையைத் தாண்டினால் 24 மணி நேரம் வரை கேமைப் பூட்டிவிடும்.